ஏரோது மன்னனும் மன்னார்க் கரையும்

நத்தார் காலம் வந்துவிட்டால் இப்போதெல்லாம் ஒருவகைக் குறும்படம் இளைஞரிடையே உலாவுகிறது. பத்து நிமிடத்துக்கு மேற்படாத படம். விளக்குகள் தொங்கும் நத்தார் மரமும், வெண்தாடிப் பாப்பாவும், வண்ணத்தாள் சுற்றிய பரிசுப் பொதியும் அதில் தவறாமல் உண்டு. பொதியை அவிழ்த்தாலோ உள்ளே கிடப்பது வெட்டுண்ட தலை! பார்ப்போர் அலறுகின்றனர், அலறி ஓய்ந்ததும் சிரிக்கின்றனர். அண்மையில் மாணவ நண்பர் சிலர் அத்தகைய படமொன்றை எமக்குக் காட்டி, "திருநாளை இப்படிக் கேலிசெய்யும் துணிவு நம்மவர்க்கு என்றைக்காவது இருந்ததுண்டா?" என்று கேட்டனர். அக்கேள்விக்கு விடைகூறப் புகுந்தபோது எம் நினைவு நேரே மன்னார்க் கரைக்குச் சென்றது. அங்கு சென்ற நினைவு, சிரிப்போடு மட்டும் திரும்பி வரவில்லை.

முதலில் சினிமாவைப் பற்றி ஒரு சொல். அச்சத்தையும் நகைப்பையும் கலப்பது அக்கலைக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கமன்று. 1896-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் ஜோர்ஜ் மெலியே என்ற வித்தைக்காரர் பிசாசின் மாளிகை பற்றி மூன்று நிமிடப் படமொன்று எடுத்தார். வௌவால் பிசாசாக மாறுகிறது, எலும்புக்கூடு எழுந்து நிற்கிறது, பார்ப்போர் சிரிக்கின்றனர். 1901-இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் டிக்கன்சின் நத்தார்க் கதை சில நிமிடப் படமாயிற்று. திருநாள் இரவில் உலோபியின் வீட்டுக் கதவிலே செத்த கூட்டாளியின் முகம் தோன்றும் கதை அது. சினிமா பிறந்து ஆறாண்டு கழியுமுன்னரே திருநாளும் பேயும் சிரிப்பும் ஒரே சுருளில் அடங்கிவிட்டன.

ஆயினும் இவை யாவற்றுக்கும் முற்பட்ட கூத்தொன்று இருக்கிறது. பெருக்க மரங்களும் கழுதைகளும் வெண்மணலும் நிறைந்த மன்னார்த் தீவிலும், அதற்கெதிரே மாதோட்டப் பெருநிலத்திலும், பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை போன்ற கத்தோலிக்க ஊர்களில் திருநாள் என்றால் நாடகம் என்பது பழைய வழக்கம். இரவு முழுவதும் நடக்கும். பெரிய நாடகமாயின் ஓரிரவில் முடியாது, அடுத்த இரவுக்கும் நீளும். அவ்வாறு நீள்வதைச் சுருக்கி ஓரிரவுக்குள் அடக்கியதை வாசாப்பு என்பர். அண்ணாவியாரின் மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு வேதாகமக் கதை கோயிலில் கேட்டதைவிடக் கொட்டகையில் கேட்டதே நெஞ்சில் பதிந்தது என்றால் அது மிகையன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏடுகளிலும் அண்ணாவிமார் நாவிலும் கிடந்த இந்நாடகங்களிற் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். என்றிக் எம்பரதோர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் என்பவற்றோடு அவர் அச்சேற்றிய இன்னொன்றுதான் மூவிராசாக்கள் நாடகம்.

மூவிராசாக்கள் கதையைக் கத்தோலிக்கரல்லாத வாசகரும் ஓரளவு அறிவர். கிழக்கிலிருந்து வந்த மூவரசர், விண்மீனைப் பின்பற்றி வந்து, பிறந்த பாலன் எங்கே என்று ஏரோது மன்னனிடமே வினவுகின்றனர். சிங்காசனத்துக்கு உரியவன் ஒருவன் பிறந்துவிட்டான் என்ற அச்சம் ஏரோதைப் பிடிக்கிறது. மூவரசர் வேறு வழியாகத் தம் நாடு சென்றதும் தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து, பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளையெல்லாம் வெட்டும்படி ஆணையிடுகிறான். மூவரசர் திருநாள் சனவரி 6. கொலையுண்ட குழந்தைகளுக்கும் ஒரு திருநாள் உண்டு. அது டிசம்பர் 28, நத்தாருக்கு மூன்றாம் நாள். பாலன் பிறந்த மகிழ்ச்சிக்கு நடுவே பச்சிளங் குழந்தைகளின் குருதியை வைத்த நாட்காட்டி அது.

இக்கதை கூத்தாகும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஊன்றிப் பார்க்கவேண்டும். எமது கூத்து மரபில் அரசன் கட்டியகாரனின் கட்டியத்தோடுதான் களரிக்கு வருவான். வந்ததும் தன் குலமும் கொடியும் படையும் வெற்றியும் தானே பாடி ஆடுவான். தருமனுக்கும் அதே முறை; துரியோதனனுக்கும் அதே முறை. ஏரோதுக்கும் அதையே கொடுத்தபோது பொருள் தலைகீழாகிவிடுகிறது. மூவுலகும் நடுங்கும் என்று தன்னைத்தானே புகழ்ந்து ஆடுகிறவன் அடுத்த கணம் மாட்டுக்கொட்டிலிற் பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு நடுங்குகிறான். கோமாளி தனியாக வந்து எதுவும் சொல்லவேண்டியதில்லை. முடியும் புயக்கிரீடமும் தரித்த அரசனே கோமாளியாகிவிடுகிறான். அவன் எவ்வளவு உரக்கப் பாடுகிறானோ அவ்வளவுக்குச் சனங்கள் சிரிப்பர். அந்தச் சிரிப்பின் நடுவிலேதான் வாள் உருவப்படுகிறது.

பின்னர் தாய்மாரின் ஒப்பாரி. பழைய நாளிற் பெண்கள் மேடையேறுவதில்லை. கடலோடிக் கறுத்து இறுகிய ஆண்களே சேலை கட்டித் தாயாக வந்து அழுதனர். காலையில் வலை இழுத்தவன் இரவில் மார்பிலடித்து அழக் கண்டால் முதலிற் சிறு நகைப்பு எழாமலிராது. அது நெடுநேரம் நிற்பதில்லை. கொட்டகையின் முன்வரிசைப் பாயிலே தம் பிள்ளைகளை உறங்கவைத்துக்கொண்டு கூத்துப் பார்க்கும் பெண்களுக்கு அந்த ஒப்பாரி பெத்லகேமில் கேட்ட ஒப்பாரியாக இருந்திருக்க இயலாது. அவர்களுடைய ஊரின் இழவுவீட்டில் எழும் அதே இராகம் அல்லவா அது!

ஏரோதைச் சிரிப்புக்குரியவனாக்கியது மன்னார் மக்கள் மட்டுமல்லர். ஐரோப்பாவின் உழவரும் கைவினைஞரும் திருநாட்களில் ஆடிய நாடகங்களிலும் அவன் கத்திக் குமுறும் வீம்பனாகவே வருகிறான். மிகைநடிப்புக்கு ஏரோதின் பெயரை உவமையாக்கும் அளவுக்கு அது ஷேக்ஸ்பியர் காலத்தில் முற்றியிருந்தது. டிக்பி ஏடுகள் எனப்படும் தொகுதியில் 1512-ஆம் ஆண்டுக் குறிப்போடு ஓர் ஆங்கில நாடகம் உள்ளது. அதில் ஏரோதின் தூதன் வாட்கின் என்பவன் தன்னை வீரனாக்கவேண்டும் என்று மன்னனைக் கெஞ்சுகிறான். குழந்தைகளைக் கொல்ல அவனுக்கு அச்சமில்லை. தாய்மாரின் நூற்கோலுக்குத்தான் அச்சம். இறுதியில் அவர்களிடம் அடியும் வாங்குகிறான். ஸ்பானிய நாட்டிலோ டிசம்பர் 28 ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடும் நாளாகவே மாறிவிட்டது. கொலையின் நினைவுநாள் விளையாட்டு நாளாகிய விந்தை இது.

வரலாற்று ஏரோதும் இந்த நகைப்புக்குத் தகுதியற்றவனல்லன். பெத்லகேம் கொலையை மத்தேயு மட்டுமே கூறுகிறார்; யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசு அதைக் கூறவில்லை. ஆனால் அவர் கூறும் ஏனைய செய்திகள் அதனினும் விசித்திரமானவை. ஏரோது தன் மைந்தர் மூவரைக் கொல்வித்தான். அவருள் ஒருவனைக் கொல்வித்தது தன் சாவுக்கு ஐந்து நாள் முன்னர். தான் இறந்தால் நாடு அழாது, மகிழும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நாட்டின் பெரியோரையெல்லாம் யெரிக்கோவின் ஓட்டப் பந்தயத் திடலில் அடைத்து, தன் மூச்சு நின்றதும் அவர்களைக் கொன்றுவிடும்படி ஆணையிட்டான். அப்படியாயின் அன்று வீட்டுக்கு வீடு அழுகை எழுமன்றோ! அவன் இறந்ததும் சகோதரி சலோமி அவர்களை விடுவித்துவிட்டாள். இரவல் கண்ணீர் வேண்டிக் கொலைக்கு ஆணையிட்ட அரசனைக் காட்டிலும் சிறந்த பாத்திரத்தை எந்தக் குறும்படக்காரர் படைத்துவிட முடியும்?

இனி மன்னாரின் சொந்தக் கதைக்கு வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னார்த் தீவு யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. நல்லூரில் ஆண்டவன் முதலாம் சங்கிலி. எதிர்க்கரையில், முத்துக் குளிக்கும் பரதவர் 1530களின் நடுவில் பெருந்தொகையாகக் கிறித்தவராயினர். முத்துச் சலாபத்தில் தம் உரிமையை வணிகப் போட்டியாளரிடமிருந்து காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரின் துணை அவர்களுக்கு வேண்டியிருந்தது; துணையின் விலை திருமுழுக்கு. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அவரது பெயர் கடலைக் கடந்து மன்னாருக்கும் எட்டியது. 1544-இல் மன்னார்க் கடற்றொழிலாளர் அவரை அழைத்தனர். அவர் தம்மால் வர இயலாமையால் வேறொரு குருவை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் முழுக்குப் பெற்றனர்.

செய்தி நல்லூருக்குச் சென்றது. சங்கிலி படையுடன் தீவுக்கு வந்தான். மதத்தை விட மறுத்தவர்கள் வெட்டப்பட்டனர். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அறுநூறு பேருக்கு மேல் என்பது திருச்சபை மரபு. நூற்றைம்பது ஆண்டின் பின் கோவாவிலிருந்து எழுதிய போர்த்துக்கேயக் குரு குவெய்ரோசும் இதனைக் கூறுகிறார்; ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் கூறுகிறது. (இரண்டு சங்கிலிகளை ஒருவனாக்கி மயங்குவது வைபவமாலையின் குறை, ஆயினும் இக்கொலையை அது மறைக்கவில்லை.) தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி என்ற பெயரில் அமைந்த ஆலயம் அவர்களது நினைவைத் தாங்கி நிற்கிறது.

சங்கிலி எதற்கு அஞ்சினான்? சமயவெறி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. 1543-இல் கோவாவின் ஆளுநர் மார்ட்டின் அபொன்சோ டி சூசா கப்பற்படையோடு வந்து அவனிடம் திறை வாங்கிச் சென்றிருந்தார். அதற்கு அடுத்த ஆண்டே தன் குடிகள், அதுவும் முத்தும் சங்கும் எடுத்து அரசிறை தரும் குடிகள், போர்த்துக்கேயரின் கடவுளைக் கும்பிடத் தொடங்கினர். அந்நாளில் முழுக்குப் பெறுவது கோயிலை மாற்றிக்கொள்வதோடு நிற்பதன்று. யாருக்கு வரி, யாரிடம் முறையீடு என்பதையும் அது மாற்றிவிடும். எதிர்க்கரையில் அது எப்படி நடந்தது என்பதைச் சங்கிலி கண்ணெதிரே பார்த்திருந்தான். அவனது அச்சம் பொய்யன்று. பொய்யல்லாத அச்சத்துக்கும் அவன் தேடிய பரிகாரம் ஏரோதின் பரிகாரமே: அந்நியப் படையோடு பொருத வலிமை போதாதபோது கையெட்டும் தூரத்தில் இருந்த ஏழைகளை வெட்டினான். அந்நியரை எதிர்த்த வீரன் என்று சங்கிலி என்னும் பெயரைப் போற்றும் எம் நண்பர்கள் இந்த ஏட்டைப் புரட்டாமல் விட்டுவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மறுபக்கத்தார் செய்ததைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று புரியாது. செத்தவர்களுக்காகச் சவேரியார் மிகவும் வருந்தினார்; கொலைசெய்த அரசனைத் தண்டிக்கவேண்டும் என்று முயன்றார். படையெடுப்புக்கு ஏற்பாடும் ஆயிற்று. அவ்வேளையில் பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சங்கிலி சரக்கைக் கைப்பற்றிக்கொண்டான். உடனே போர்த்துக்கேயரின் கவலை திசைமாறியது. சரக்கு மீளவேண்டுமாயின் அரசனோடு பகைக்கலாகாது! படையெடுப்பு நின்றுவிட்டது. அறுநூறு உயிர் ஒரு தட்டில், பெகு நாட்டுச் சரக்கு மறுதட்டில். சரக்கின் தட்டே தாழ்ந்தது. இச்செய்தியை எமக்குத் தருவது பகைவர் எவருமல்லர். சவேரியார் 1545-இல் எழுதிய கடிதமேயாகும்.

படையெடுப்பு வந்தது பதினாறாண்டு கழித்து, 1560-இல். அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா நல்லூரைத் தாக்கினார். அங்கு நிலைக்க முடியாமல் மன்னாரைப் பிடித்துக்கொண்டு கோட்டை கட்டினார். மதுரை நாயக்கரின் நெருக்குதலைத் தாங்காத புன்னைக்காயல்ப் பரதவரிற் சிலர் இக்கரையிற் குடியேற்றப்பட்டனர். வேதசாட்சிகளுக்கு நீதி வழங்க வந்தோம் என்றவர்கள் முத்துச் சலாபத்தின் வாயிலில் பீரங்கியை நிறுத்தினர். குளித்தவன் மூச்சடக்கி எடுத்த முத்தில் தீர்வை வாங்கும் கை மாறியது, மூச்சடக்குவோன் மாறவில்லை.

திருநாட்களில் நாடகம் ஆடும் வழக்கத்தைக் குருமார் ஊக்குவித்தது இக்காலத்தில்தான். அவர்கள் கொண்டுவந்தது கதை. அதற்கு ஆட்டமும் இராகமும் கட்டியமும் ஒப்பாரியும் கொடுத்தவர் இம்மக்கள். 1658-இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பதே குற்றமாயிற்று. மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை 1670-ஐ ஒட்டிச் சில குடும்பங்கள் மடுக்காட்டுக்குத் தூக்கிச் சென்று ஒளித்தன. 1687-இல் யோசேவாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வடக்கில் நுழைந்தார். 1690-ஐ ஒட்டிய ஒரு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்திலே வீடுகளில் இரகசியமாகக் கூடிப் பூசைக்குக் காத்திருந்த மக்கள்மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், தலைவர்கள் கசையடி பட்டனர். திருநாள் இரவில் கதவு தட்டப்பட்டால் வந்திருப்பது விருந்தாளியா சேவகனா என்று நடுங்கிய மக்களுக்கு, ஏரோதின் சேவகர் தொலைதூரத்துப் பாத்திரங்களா?

மூவிராசாக்கள் நாடகம் சங்கிலியைப் பற்றியதன்று. அதன் கதை மத்தேயுவின் கதை. எனினும் ஒரு நாடகத்தின் பொருள் ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. பாயில் அமர்ந்து பார்ப்பவரிடத்திலும் பாதி இருக்கிறது. குருமார் வேதசாட்சிகளை மகிமையோடு மோட்சம் புகுந்தோராக எழுதிவைத்தனர். அரசவைப் புலவர் அரசரின் வரிசை எழுதினர். பிள்ளையை இழந்தவள் என்ன சொன்னாள் என்பது இரண்டிலும் இல்லை. கூத்தில் அவளுக்கு ஒரு நெடிய இடம் கிடைத்தது. மன்னனுக்குச் சிரிப்பு, தாய்க்கு மௌனம் என்ற பங்கீட்டை இம்மக்கள் எவரிடமும் கற்கவில்லை. மாணவ நண்பர் காட்டிய படத்தில் எமக்கு மனம் ஒவ்வாதது இதுவே: அதில் தலை வெட்டுண்டவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறோம், வெட்டியவன் யார், எதற்கு என்று எவரும் கேட்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. இக்கூத்தும் குற்றமற்றதன்று. எந்த வேடம் எவருக்கு என்பதிலே சாதியும் பணமும் தலையிட்டன. அரசவேடம் பூண்டு முடிதரிக்க வசதியுள்ளவன் முந்திக்கொண்டான். ஏரோதாக வருவதற்கும் போட்டி இருந்தது என்பது எம்மைப் பொறுத்தவரை இந்நாடகத்தின் இன்னொரு நகைச்சுவை.

2018-ஆம் ஆண்டில் மன்னார் நகர வாயிலில், சதொச நிறுவனத்துக்குக் கட்டடம் எழுப்ப நிலம் அகழப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றின் மேற்பார்வையில் அகழ்வு தொடர்ந்தது. பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழுவினரும் சட்ட மருத்துவரும் மாதக்கணக்கில் மண்ணை வருடினர். முந்நூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 28 குழந்தைகளுடையவை. முறையாகப் புதைக்கப்பட்டவையும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாய் எறியப்பட்டாற்போற் கிடந்தவையும் இருந்தன. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அக்குழியின் வேலியோரம் வந்து நின்றனர். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, 2019 மார்ச்சில் விடை வந்தது: காலம் 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்டது.

அந்த எல்லைக்குள் 1544-உம் அடங்குகிறது, 1560-உம் அடங்குகிறது, கொள்ளைநோயும் பஞ்சமும் அடங்கக்கூடிய இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளும் அடங்குகின்றன. விடை கேட்டுச் சிலர் ஆறுதலாக மூச்சுவிட்டனர். எம் காலத்துக் குற்றமன்று, சங்கிலியோ பறங்கியோ செய்திருக்கலாம் என்றனர். நானூறு ஆண்டுப் பழைய பிணத்துக்கு எவரும் பொறுப்பில்லை என்ற அந்த ஆறுதலில் ஏரோதின் அரசவை வாடை வீசியதாக எமக்குத் தோன்றியது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அம்முடிவை ஏற்கவில்லை. மேலும் ஆய்வு வேண்டும் என்றனர். தம் பிள்ளைகள் அக்குழியில் இல்லையெனில் எந்தக் குழியில் என்றும் கேட்டனர். வேலி அடைக்கப்பட்டது. எடுத்த எலும்புகள் இலக்கமிட்ட பெட்டிகளில் வைக்கப்பட்டு மன்னார் நீதிமன்றின் பொறுப்பில் ஓர் அறைக்குட் சென்றன. பெரியோர் பெட்டிகளும் அந்த 28 குழந்தைகளின் பெட்டிகளும் ஒரே அடுக்கில்.